இருபத்தேழாம் கேள்வி

உ
புருசெத், ஒஸ்லோ
12.01.2004

அன்புள்ள மச்சாளுக்கு,

உதயகுமாரி எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தம்பியும் சுகம். அவருக்கு வழமையான குளிர்கால இருமல், வேறு குறை இல்லை. நீங்களும் கிளெமென்ற் அண்ணையும் மகள் வினோஜாவும் எப்படி இருக்கிறீர்கள்? ஹம்மர்பெஸ்டில் சூரியன் தலைகாட்ட இன்னும் பத்து நாளாவது ஆகும் என்று இவர் சொல்கிறார்.

கிழமைக்கு இரண்டு தரம் தொலைபேசியில் கதைக்கிறவள் இப்போது எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். நான் வேலை செய்யும் ஆராய்ச்சி நிலையத்தில், மனநல வைத்தியர்கள் பயன்படுத்தும் ஒரு வினாக்கொத்தைத் தமிழுக்குக் கொண்டுவருகிறோம். நாற்பது கேள்விகள். போன வருடம் சிலியிலிருந்தும் பெருவிலிருந்தும் வந்தவர்களுக்காக ஸ்பானிய மொழியில் செய்து முடித்தார்கள். அடுத்தது நாங்கள்.

வேலை முறை இதுதான். நான் நோர்வே மொழியிலிருந்து தமிழாக்குவேன். மூலத்தைக் கண்ணாலும் காணாத ஒருவர் என் தமிழை வாசித்து, அதைத் திரும்ப நோர்வே மொழிக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் என் தமிழ் சரி என்று அர்த்தம். அந்த ஒருவர் நீங்கள்தான் மச்சாள். பதினைந்து வருடமாக நகரசபைக்கு மொழிபெயர்க்கிறவரை விட்டு வேறு யாரிடம் போவேன்? ஒரே ஒரு விதி. இதைப் பற்றி நாங்கள் வாயால் கதைக்கக் கூடாது. எல்லாம் திகதி போட்ட தாளில் இருக்க வேண்டும். கோப்புக்கு ஒரு தாள், வீட்டுக் கதைக்கு வேறு தாள்.

இனித்தான் விஷயம். கேள்விகள் பாலியல் எண்ணங்களைப் பற்றியவை. ஒருவர் செய்ததைப் பற்றி அல்ல, மனதில் வந்துபோவதைப் பற்றி. என்ன வருகிறது, எத்தனை தரம் வருகிறது, வரும்போது இனிக்கிறதா, தொல்லையாக இருக்கிறதா. எழுதும்போதே எனக்கு முகம் சுடுகிறது. முடியாது என்றால் தயங்காமல் எழுதுங்கள், கோபிக்கமாட்டேன்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.
உங்கள் மச்சாள்,
உதயா


இயேசு, மரி, சூசை துணை
ஹம்மர்பெஸ்ட்
25.01.2004

அன்புள்ள உதயாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலம். சூரியன் வியாழக்கிழமை வந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்தார்களாம். வினோஜா எனக்கும் ஒரு துண்டு கொண்டுவந்தாள். தம்பியை இஞ்சித் தண்ணீர் குடிக்கச் சொல்லும்.

என் தம்பியைக் கட்டிய நாளிலிருந்து உமக்கு நல்ல பிள்ளை என்று பெயர். அதைக் கெடுக்க இப்படி ஒரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறீரே! கிளெமென்றிடம் ‘உதயா ஏதோ ஆஸ்பத்திரிக் கடதாசி மொழிபெயர்க்கக் கேட்கிறா’ என்று மட்டும் சொன்னேன். அனுப்பும், செய்கிறேன். வைத்தியசாலையில் பிரசவ அறைக்குள் நின்று மொழிபெயர்த்தவளுக்கு இது என்ன பெரிய காரியம்?

இங்கே வீட்டில் வேறு ஒரு கதை ஓடுகிறது. மே இருபத்துமூன்றாம் திகதி வினோஜாவுக்கு முதல்நன்மை. உங்கள் பக்கத்தில் இது இல்லாதபடியால் சொல்கிறேன். பூசையில் பாதிரியார், நாங்கள் சுவாமி என்போம், கொடுக்கும் அப்பத்தைப் பிள்ளை அன்றைக்குத்தான் முதன்முதல் வாங்கும். தாயும் தகப்பனும் பக்கத்தில் நின்று சேர்ந்து வாங்க வேண்டும் என்பது இங்கத்தை வழக்கம். பெரிய பாவம் மனதில் இருக்கிறவர் வாங்கக் கூடாது.

நான் ஒன்பது வருடமாக வாங்குவதில்லை என்பது உமக்குத் தெரியும். இந்த ஊர்த் தமிழர் எல்லாருக்கும் தெரியும். அவர்கள் எழும்பி வரிசையில் போக, நான் இருந்த வாங்குப் பலகையிலேயே இருப்பேன். நேற்று வினோஜா கேட்டாள், “அம்மா, நீங்களும் என்னோடை வருவியளோ?” என்று. சட்டைக்கு அளவெடுக்கக் கூப்பிட்டேன். மேயுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. காரணத்தை நீரும் கேட்காதேயும்.

அன்புடன்,
மக்டலீன்


உ
புருசெத்
03.02.2004

அன்புள்ள மச்சாளுக்கு,

நலம், நலமறிய ஆவல். நீங்கள் கேட்க வேண்டாம் என்றதை நான் கேட்கவில்லை. இவர்தான், “அக்கா ஏன் இப்பிடி இருக்கிறா? பிள்ளையின்ரை நாளிலையாவது எழும்பிப் போகக்கூடாதோ?” என்று சாப்பிடாமல் இருந்தார். பிறகு சாப்பிட்டார்.

நாற்பது கேள்விகளையும் இத்துடன் அனுப்புகிறேன். மூன்று கிழமை மண்டையை உடைத்தேன். இந்த விஷயத்துக்குத் தமிழில் ஒன்றில் கள்ளுத்தவறணைச் சொல் இருக்கிறது, அல்லது ஆஸ்பத்திரிச் சொல் இருக்கிறது. ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் மரியாதையாகக் கேட்கக்கூடிய சொல்லைத் தேடுவதுதான் பெரும்பாடு. எங்கள் குழுவின் உளவியலாளர் ஸ்ரீலேகா சென்னைக்காரி. வாசித்துவிட்டு, “அக்கா, சூப்பரா இருக்கு. ஆனா எங்க அம்மா கையில இதக் குடுத்தா பேப்பரக் கிழிச்சிடுவாங்க” என்றாள். என் அம்மாவும் அதைத்தான் செய்வா என்றேன். அந்த ஒரு விஷயத்தில் இந்தியாவும் இலங்கையும் ஒன்று.

ஆனால் மச்சாள், ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் எழுதி முடித்துத் தாளைப் பார்க்கும்போது எனக்கு ஒரு திகைப்பு வருகிறது. இதை இதற்கு முன் எங்கள் மொழியில் யாராவது யாரிடமாவது கேட்டிருப்பார்களா? எத்தனை கோடிப் பேர் கதைத்த மொழி! 

உங்கள்,
உதயா


இயேசு, மரி, சூசை துணை
ஹம்மர்பெஸ்ட்
29.02.2004

அன்புள்ள உதயாவுக்கு,

நலம். பிந்தியதற்கு மன்னிக்கவும். பனி அதிகம், நகரசபையிலும் வேலை அதிகம். கிளெமென்றுக்கு எரிவாயுத் தொழிற்சாலை கட்டுகிற இடத்தில் சமையல்கூட வேலை நிரந்தரமாகிவிட்டது.

நாற்பதையும் செய்து இத்துடன் வைத்திருக்கிறேன். உம்முடைய தமிழ் நல்ல தமிழ். கொஞ்சம் களைப்பாக இருக்கிறது, அதனால் இத்துடன் நிறுத்துகிறேன். தம்பிக்குச் சுகம் சொல்லவும்.

மக்டலீன்


உ
புருசெத்
08.03.2004

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் களைப்பு எப்படி? இரும்புச்சத்துக் குளிசை போடுகிறீர்களா?

நீங்கள் அனுப்பியதை மூலத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஸ்ரீலேகா எழும்பி நின்று கைதட்டினாள். முப்பத்தொன்பது கேள்விகள் அப்படியே பொருந்துகின்றன. ஆனால் நாற்பது என்று எழுதியிருந்தீர்கள். இருபத்தேழாம் இலக்கத்துக்கு நேரே வெறுமையாக இருக்கிறது. தாள் மாறிவிட்டதோ என்று உறையைத் தட்டிக்கூடப் பார்த்தேன்.

கேள்வியைத் திரும்ப எழுதுகிறேன்: ‘கோயிலிலோ வேறு புனிதமான இடத்திலோ இருக்கும்போது, நீங்கள் விரும்பாமலே, உங்களை வெட்கப்பட வைக்கும் பாலியல் எண்ணம் மனதில் வந்ததுண்டா? ஒருபோதும் இல்லை, எப்போதாவது, சில வேளை, அடிக்கடி.’ இதில் என் தமிழ் விளங்கவில்லையா? விளங்காவிட்டால் அப்படியே எழுதுங்கள், மாற்றுகிறேன்.

உங்கள்,
உதயா


ஹம்மர்பெஸ்ட்
11.03.2004

உதயாவுக்கு,

தமிழ் விளங்குகிறது. அந்தக் கேள்வி தமிழில் இருக்கக் கூடாது. எடுத்துவிடும்.

மக்டலீன்


உ
புருசெத்
26.03.2004

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் மனதை நோகடித்துவிட்டேன் என்று விளங்குகிறது. மன்னியுங்கள். தேவாலயமும் பூசையுமாக வளர்ந்தவருக்கு அப்படி ஒரு கேள்வியை அனுப்பியிருக்கிறேன், அறிவு வேண்டாமா எனக்கு?

இடையில் கேள்விகளைப் பரீட்சித்துப் பார்க்க, புருசெத்திலும் பக்கத்து ஹவுகன்ஸ்டுவாவிலும் பதினொரு பேரிடம் கொண்டுபோனேன். பெயர் சொல்லமாட்டேன். ஒருவர், “இது விசாக் கந்தோருக்குப் போற ஷேமாவோ?” என்று, படிவத்துக்கு நோர்வேச் சொல்லைப் போட்டுக் கேட்டு, எல்லாவற்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்று கோடு போட்டார். பிறகு தானே உறையில் போட்டு ஒட்டலாம், பெயர் எழுதத் தேவையில்லை என்று தெரிந்ததும், “அப்ப இன்னொண்டு தாங்கோ” என்று புதுத் தாள் வாங்கினார். ஹவுகன்ஸ்டுவாவில் ஒரு வீட்டில் மனிதர் இரண்டு படிவத்தையும் நிரப்பித் தந்தார். “மனிசிக்கும் நானே போட்டிட்டன். ரெண்டுபேருக்கும் ஒண்டுதானே” என்றார். குசினிக்குள் இருந்து சத்தம் வந்தது: “ஒண்டில்லை. இஞ்சை கொண்டாங்கோ!” அந்த அக்கா கை கழுவி, கதவைச் சாத்தி, முக்கால் மணித்தியாலம் உள்ளே இருந்தா. வெளியே வந்தபோது உறையைத் தானே ஒட்டியிருந்தா. முகம் அழுத முகம்போலவும் இருந்தது, குளித்துவிட்டு வந்த முகம்போலவும் இருந்தது. எனக்குத் தேத்தண்ணி தந்தா.  

உங்கள் மறுப்பைக் குழுவில் வைத்தேன். ஒரு சமயத்தவரைப் புண்படுத்துகிறது என்றால் எடுத்துவிடலாம் என்று முடிவு. ஸ்பானிய மொழியிலும் இரண்டு கேள்விகளை எடுத்திருக்கிறார்களாம். ஏப்ரல் ஐந்தாம் திகதிக் கூட்டத்தில் இருபத்தேழு போய்விடும், தமிழில் முப்பத்தொன்பதுதான். அதற்கு உங்கள் கையெழுத்து வேண்டும். படிவம் உள்ளே இருக்கிறது.

கோபம் தீர்ந்ததென்று ஒரு வரி எழுதுங்கள்.
உதயா


இயேசு, மரி, சூசை துணை
ஹம்மர்பெஸ்ட்
30.03.2004

அன்புள்ள உதயாவுக்கு,

கையெழுத்துப் போடமாட்டேன். அந்தக் கேள்வியை எடுக்காதேயும். கோப்புக்கான தாளில் இருபத்தேழை மொழிபெயர்த்து வைத்திருக்கிறேன். இந்தத் தாள் கோப்புக்கு அல்ல. வாசித்துவிட்டுக் கிழித்துவிடும்.

வினோஜாவின் ஞானஸ்நானத்தன்று, சுவாமி அப்பத்தை உயர்த்திப் பிடித்து மணி அடித்த நேரம், என் மனதில் ஒரு படம் விழுந்தது. என்ன படம் என்று எழுதமாட்டேன். பிள்ளை மடியில் இருந்தாள். நான் நினைக்கவில்லை, உதயா. தானாக விழுந்தது. அடுத்த ஞாயிறும் அதே நேரம் விழுந்தது. வரக்கூடாது, வரக்கூடாது என்று பல்லைக் கடித்தால் மணி அடிக்க முன்னமே வந்துவிடும். இப்படியான ஒருத்தி எப்படிப் போய் அந்த அப்பத்தை வாங்குவாள்?

சுவாமியிடம் பாவத்தை ஒப்புக்கொள்கிற பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கலாமே என்பீர். இங்கே இருக்கிறவர் போலந்துச் சுவாமி. ஊரிலுள்ளவர்களின் எல்லா வியாதியையும் நோர்வே மொழியில் சொல்லிக் கொடுத்தவளுக்கு, தன்னுடையதைச் சொல்ல அந்த மொழி வரவில்லை. வருடத்துக்கு இரண்டு தரம் தமிழ்ச் சுவாமி வருவார். வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. என் கையால் புட்டு வாங்கிச் சாப்பிடப் போகிறவரிடம் எப்படிச் சொல்வேன்?

வினோஜாவுக்கு ஒரு வயது நடந்துகொண்டிருந்தபோது கிளெமென்ற் ஒருநாள் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். “ஆர் எண்டு மட்டும் சொல்லு மக்டலீன். நான் ஒண்டும் செய்யமாட்டன்.” எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்படியானால் ஏன் நன்மை வாங்குவதில்லை என்று அடுத்ததாகக் கேட்பார். அதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டேன். இல்லாத ஒரு ஆம்பிளையோடு என்னைச் சேர்த்து நினைக்கட்டும், இந்த உண்மை அதைவிட அசிங்கம் என்று நினைத்தேன். அவர் பிறகு கேட்டதே இல்லை. என்னோடு நல்லபடிதான் இருக்கிறார். ஆனால் ஆலயத்தில் நான் யாரோடு கதைத்தாலும் அவருடைய கண் வந்து நிற்கும்.

உம்முடைய தாளில் இருபத்தேழை வாசித்தபோது அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அடிப்பிடித்து மணந்த பிறகுதான் எனக்கு உணர்வு வந்தது. என்னை ஒருநாளும் காணாத யாரோ ஒருவர், நான் ஒன்பது வருடமாக ஒளித்துவைத்ததைக் கேள்வியாக்கி, இலக்கம் போட்டு, அச்சடித்து வைத்திருக்கிறார். நாலு விடையும் பக்கத்தில் இருக்கிறது. முதலில் பயந்தேன். யாரோ என்னைக் கண்டுவிட்டார்கள் என்று பயந்துதான் எடுக்கச் சொன்னேன். நீர் எடுக்கிறேன் என்று எழுதியபோதுதான் எனக்கு மற்றது உறைத்தது. கேள்வி இருக்கிறதென்றால், ஆட்களும் இருக்க வேண்டுமே! ஒருத்திக்காக இலக்கம் போட்டு அச்சடிப்பார்களா?

இருக்கிறார்களா, உதயா? அதை மட்டும் எழுதும்.

மக்டலீன்


உ
புருசெத்
11.04.2004

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் தாளை உங்கள் சொற்படி கிழித்துவிட்டேன். இவருக்குச் சொல்லவில்லை. கிழிக்க முன் மூன்று தரம் வாசித்தேன், மூன்று தரமும் அழுதேன். நான் ஒரு மொக்கி. இவ்வளவு கிட்ட இருந்தும் உங்களைப் பக்திக்காரி என்று மட்டும் நினைத்திருக்கிறேன்.

முதலில் கோப்புக் கதை. உங்கள் இருபத்தேழு மூலத்தோடு ஒரு சொல் தவிர அப்படியே பொருந்துகிறது. கூட்டத்தில் நான் எழும்பி, இது இருக்க வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் மனம் மாற்றிக்கொண்டார் என்றேன். அப்போது, ஸ்பானிய மொழி வேலை செய்த சிலிக்காரப் பெண் சிரித்தாள். “எங்கட ஆக்களும் இருபத்தேழிலைதான் பேனையைக் கீழை வைச்சவை” என்று அவளுடைய நோர்வே மொழியில் சொன்னாள். கத்தோலிக்கக் கிழவர்கள், கன்னியாஸ்திரியாக இருந்து விட்டுவந்த ஒருத்தி, எல்லோரும் அந்த இடத்தில் கேள்வியைத் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டுக் கோடு போட்டார்களாம்.

பிறகு நான் எங்கள் பதினொரு உறைகளையும் உடைத்தேன். யாருடையது எது என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். இருபத்தேழை மட்டும் பார்த்தேன். மூன்று பேர் ‘ஒருபோதும் இல்லை’. மிச்சம் எட்டு, மச்சாள். எட்டுப் பேர்! இரண்டு ‘அடிக்கடி’. அதில் ஒன்றில் பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது, அவ்வளவு அழுத்தி.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். தீபாராதனை நேரம் எல்லோரும் கைகூப்பி நின்றார்கள். நான் சாமியைப் பார்க்கவில்லை, ஆட்களைப் பார்த்தேன். இத்தனை தலைக்குள்ளும் என்னென்ன வந்துபோகிறதோ, அதோடும் வந்து நிற்கிறார்களே என்று நினைத்தேன்.  அன்று கும்பிட்டதுபோல நான் வாழ்நாளில் கும்பிட்டதில்லை.

ஸ்ரீலேகாவிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். எதிர்த்துத் தள்ளத் தள்ள வருவதுதான் இதன் குணம், விரும்புகிறவருக்கு இப்படி வேதனை இராது என்றாள். இது ஒரு வியாதி என்றும் சிலருக்குச் சொல்வார்களாம், பார்க்கிற வைத்தியர்கள் இருக்கிறார்களாம். நீங்கள் சொன்னால் ஒழுங்கு செய்கிறேன். இந்த முறை மொழிபெயர்ப்பாளராக நான் வருகிறேன்.

உங்கள்,
உதயா


இயேசு, மரி, சூசை துணை
ஹம்மர்பெஸ்ட்
27.04.2004

அன்புள்ள உதயாவுக்கு,

நலம். உம்முடைய கடிதத்தை வேலைக்கும் கொண்டுபோய் வாசிக்கிறேன். எட்டு, எட்டு என்று சொல்லிக்கொண்டு நடக்கிறேன். வைத்தியரைப் பற்றிப் பிறகு யோசிப்போம்.

கிளெமென்றிடம் சொல்ல நாலு தரம் வெளிக்கிட்டேன். நாலு தரமும் வேறு ஏதோ கதைத்தேன். நன்மைக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. எனக்கு இரண்டு வெற்றுப் படிவம் அனுப்பும்.

மக்டலீன்


உ
புருசெத்
03.05.2004

அன்புள்ள மச்சாள்,

சுகம். இரண்டும் உள்ளே இருக்கின்றன. இவருக்கு அந்த வார இறுதி சுரங்க ரயில் வேலை, மாற்றக் கேட்டும் விடவில்லை. வர முடியவில்லையே என்று கவலைப்படுகிறார். என் மனம் முழுவதும் அங்கேதான்.

உதயா


இயேசு, மரி, சூசை துணை
ஹம்மர்பெஸ்ட்
24.05.2004

அன்புள்ள உதயாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். தம்பியும் நீரும் அனுப்பிய சங்கிலி வந்தது. வினோஜா கழற்றமாட்டேன் என்கிறாள்.

போன சனி மத்தியானம் பிள்ளையை மறைக்கல்வி வகுப்புக்கு அனுப்பிவிட்டு, கிளெமென்றுக்கு முன்னால் ஒரு படிவத்தை வைத்தேன். உதயாவுக்கு உதவி, உள்ளபடி போடுங்கள் என்றேன். முதற்பக்கத்தை வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் வெங்காயம் உரித்தேன். இரண்டு பேருக்குக் கறி வைக்க எட்டு வெங்காயம் உரித்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடச் சோதனை எழுதுகிறவரைப்போல ஒன்றிலிருந்து நாற்பது வரை போனார். முடிந்ததும் என்னுடையதைப் பக்கத்தில் வைத்தேன். நான் ஒரேயொரு கேள்விக்குத்தான் கோடு போட்டிருந்தேன். இருபத்தேழு, ‘அடிக்கடி’.

அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்தார். பிறகு, “இதுவோ?” என்றார்.

“ஓம்.”

“இவ்வளவு வருஷமும் இதுவோ? ஆரும் இல்லையோ?”

“ஒருத்தரும் இல்லை.”

அவர் தன் தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். இருபத்தேழில் அவர் போட்டிருந்தது ‘சில வேளை’. உதயா, என் பக்கத்து வாங்கில், வெள்ளைச் சட்டையோடு, ஒன்பது வருடம்!

“பிறகு எப்பிடி நீங்கள் போய் நன்மை வாங்கினனீங்கள்?” என்று கத்திவிட்டேன்.

“மண்டைக்குள்ளை வந்து போறதுக்கு நான் என்ன செய்யிறது? அது வரும், போகும். நான் எழும்பிப் போய் வாங்கினனான்” என்றார், ஏதோ மழை பெய்ததைச் சொல்வதுபோல. எனக்கு வந்த கோபத்தில் வெங்காயம் முழுவதையும் அவர்மேல் கொட்டியிருப்பேன். ஆனால் அவர் அழத் தொடங்கிவிட்டார். “நான் ஒன்பது வருஷமா ஒருத்தனைத் தேடினனான். மீன் தொழிற்சாலைச் சின்னராசாவோ எண்டுகூட நினைச்சனான்” என்றார். சின்னராசாவுக்கு அறுபத்திரண்டு வயது, ஒரு காது கேட்காது. அழுதுகொண்டே சிரித்தோம். வினோஜா வந்து, “ஏன் ரெண்டுபேரும் வெங்காயம் உரிக்கிறியள்?” என்று கேட்டாள்.

நேற்றுப் பூசை. ஆலயம் நிறைந்திருந்தது. எனக்குள் எல்லாம் ஓய்ந்துவிடும், சொல்லிவிட்டேன்தானே என்று நம்பியிருந்தேன். சுவாமி அப்பத்தை உயர்த்தினார், மணி அடித்தது. அது வந்தது, உதயா. ஒரு குறையும் இல்லாமல் முழுதாக வந்தது.  வினோஜா எழும்பி என் கையைப் பிடித்தாள். கிளெமென்ற் என்னைப் பார்க்கவில்லை. முன்னால் பார்த்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “எனக்கும் வந்தது. வா” என்றார்.

போனோம். வரிசையில் எனக்கு முன்னால் நாற்பது ஐம்பது முதுகுகள் இருந்தன. ஒவ்வொன்றையும் பார்த்தேன். அந்த எட்டுப் பேர் இங்கேயும் இருக்கிறார்கள். எல்லோரும் தங்கள் தங்கள் சுமையோடு நடந்துபோய்க்கொண்டிருந்தார்கள், யாரையும் யாரும் திருப்பி அனுப்பவில்லை. என் முறை வந்தபோதும் அது என்னை விட்டுப் போகவில்லை, என்னோடு கூடத்தான் நின்றது. சுவாமி நோர்வே மொழியில் ‘கிறிஸ்துவின் உடல்’ என்றார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு நான் ‘ஆமென்’ என்று வாயைத் திறந்தேன்.

அன்புடன்,
மக்டலீன்